தந்திக் கருவிக்கு லேக்கர்: வாசகர் கேள்வி – பதில்

மரவேலை முடிந்துவிட்டது, தந்தி இன்னும் கட்டவில்லை. இடையில் வருகிற பூச்சு வேலையில்தான் பலருக்குக் கை நடுங்குகிறது. அது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஸ்ப்ரூஸ் (ஒருவகை ஊசியிலை மரம்) மேல்பலகை, ஈட்டி மரத்தில் முதுகும் பக்கங்களும் வைத்து ஒரு கிட்டார் செய்திருக்கிறேன். பெயின்ட் கடையில் "பி.யூ. (பாலியூரித்தேன்) அடியுங்கள், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். நான் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடிக்க நினைத்திருந்தேன். எது சரி?
– கோவை வாசகர்

என்.சி. லேக்கரே அடியுங்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் பி.யூ. அருமையான பூச்சு. ஆனால் கட்டில் பாடவேண்டியதில்லை. கிட்டாரின் மேல்பலகை மூன்று மி.மீ. சொச்சம்தான், அது தாராளமாக அதிர வேண்டும். மேலே ஏறுகிற பூச்சு ஒவ்வொன்றும் அந்த அதிர்வுக்குச் சுமை. காய்ந்து, தேய்த்து, பளபளப்பாக்கிய பிறகு பூச்சின் கனம் 0.1 மி.மீ. இருந்தால் நல்லது, 0.15ஐத் தாண்டக் கூடாது. ஜெராக்ஸ் எடுக்கிற 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். அந்தக் கனம்தான் 0.1 மி.மீ. மேசைக்கு அடிக்கிற பழக்கத்தில் ஒருவர் பி.யூ. அடித்தால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எளிதில் ஏறிவிடும்.

இன்னொரு காரணம், பழுது பார்க்கிற வசதி. என்.சி. லேக்கர் தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. பத்து வருடம் கழித்துப் புதிதாக அடித்தாலும் பழைய பூச்சு கொஞ்சம் கரைந்து புதியதோடு ஒன்றாகிவிடும். பி.யூ. அப்படியல்ல. ஹார்டனரோடு வேதிவினை நடந்து இறுகிய பிறகு அடுத்த பூச்சு அதன்மேல் உட்காருமே தவிர உள்ளே கலக்காது. தேய்க்கும்போது ஒரு பூச்சைத் தாண்டி அடுத்ததற்குள் போய்விட்டால் வரைபடத்தில் மலை காட்டுகிற கோடுகள்போல் வளையம் தெரியும். தவிர, அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்து ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமாவாக நிலைத்துவிடலாம். வீட்டில் வைத்து ஸ்ப்ரே செய்ய வேண்டிய பொருளே இல்லை.

நம்மூர்த் தச்சர்கள் "டூகோ" என்று சொல்வதும் இதே குடும்பம்தான். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்காக விற்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டின் வணிகப் பெயர் அது. கார் பட்டறைக்கு வந்த அதே காலத்தில் கிட்டார் பட்டறைக்கும் வந்தது. அதற்கு முன் அங்கே பிரெஞ்ச் பாலிஷும் (துணிப்பொதியால் தேய்த்து ஏற்றும் அரக்குப் பூச்சு) வார்னிஷும்தான்.

எந்த நம்பர் உப்புத்தாள் வரை தேய்க்க வேண்டும்? 600 வரை தேய்த்தும் லேக்கர் அடித்த உடனே அங்கங்கே வெளிறிய திட்டு தெரிகிறது.
– மதுரை வாசகர்

அந்தத் திட்டு பசை. டைட்பாண்ட், ஃபெவிகால் எதுவாக இருந்தாலும் மரத்தின் துளைக்குள் இறங்கிவிட்டால், பூச்சு அந்த இடத்தில் மட்டும் உள்ளே போகாது. சுற்றியுள்ள மரம் ஈரம் குடித்து நிறம் கூடும், பசை படிந்த இடம் வெளிறி நிற்கும். பூச்சு ஏறாத வெறும் மரத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. அதனால் 180 நம்பர் முடிந்ததும் மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் உடம்பு முழுக்க ஒருமுறை துடைத்து, மின்விளக்கை மரத்தின் மட்டத்தில் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பசை, குறுக்குக் கீறல், உளி பட்ட தழும்பு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பசையைத் தேய்த்துப் போக்க முயலாதீர்கள். கூரான ஸ்க்ரேப்பரால் (சீவும் எஃகுத் தகடு) சீவி எடுங்கள்.

120, 180, 220 என்று வரிசையாக வாருங்கள். ஒன்றைத் தாண்டிக் குதித்தால் 120 போட்ட கீறலை 220 அழிக்காது. 220க்குப் பிறகு ஈரத்துணியால் லேசாகத் துடைத்து அரைமணி விடுங்கள். மர நார் முள்ளாக எழும். அதை 320ஆல் ஒரே தடவை தட்டி நிறுத்திவிடுங்கள். 600 வரை போகத் தேவையே இல்லை. மரம் மெழுகுபோல் வழுவழுப்பாகிவிட்டால் பூச்சுக்குப் பிடிமானம் குறையும்.

பெட்டியின் உட்புறத்துக்குப் பூச்சு வேண்டாம். விரல்பலகையை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். ஓசைத்துளை வழியாகப் பொடிப்புகை உள்ளே போகாதபடி, ஊதிய பலூன் ஒன்றை உள்ளே வைத்து அடைக்கலாம்.

கிட்டாரின் விளிம்பில் வெள்ளை பைண்டிங் (ஓரப்பட்டை) வைத்திருக்கிறேன். முதல் கோட் அடித்ததும் ஈட்டி மரத்தின் ஊதா நிறம் பைண்டிங்கில் வழிந்துவிட்டது. அதோடு மரத்தின் துளைகளும் மூடவில்லை.
– நாகர்கோவில் வாசகி

ஈட்டியின் பிசின் தின்னரில் கரையும். கரைந்தது பக்கத்தில் எது வெள்ளையாக இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். இப்போதைக்கு, பூச்சு காய்ந்ததும் பைண்டிங்கின்மேல் பழைய பிளேடை நிமிர்த்திப் பிடித்து மெதுவாகச் சுரண்டுங்கள், கறை வந்துவிடும். அடுத்த கருவியில் முதல் பூச்சு லேக்கராக இருக்கக் கூடாது. மெழுகு நீக்கிய அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் (பாலிஷ் வேலைக்கான ஆல்கஹால்) கரைத்து, ஈட்டிக்கு மட்டும் மெல்லியதாக இரண்டு தடவை ஏற்றுங்கள். 200 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 25 கிராம். துணியால் தடவுவதானால் பைண்டிங்கிலிருந்து மரத்தின் நடுப்பக்கமாக இழுங்கள், ஒருபோதும் மரத்திலிருந்து பைண்டிங் பக்கம் இழுக்காதீர்கள். ஈட்டியின் எண்ணெய் லேக்கரைக் காயவிடாமல் தடுக்கும் தொல்லையும் இதிலேயே தீரும்.

மெழுகு நீக்கிய அரக்கு கிடைக்கவில்லையா? சாதாரண அவலரக்கையே கரைத்து, உயரமான கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். மெழுகு அடியில் வெண்மையாகப் படியும். மேலே தெளிந்ததை மட்டும் குழாய் வைத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

துளை அடைப்பதற்குக் கடையில் விற்கும் மர ஃபில்லரும் உதவும், 24 மணி நேரம் காய்கிற ரக எபாக்சியும் உதவும். ஃபில்லர் சுருங்கும், நாலு மாதம் கழித்து பளபளப்பின்மேல் துளைகள் மறுபடி பள்ளமாகத் தெரிய ஆரம்பிக்கும். எபாக்சி அநேகமாகச் சுருங்காது, ஈட்டியின் நிறத்தையும் ஆழமாகக் காட்டும். காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றால், மர ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்வாக இழுத்து, துளைக்குள் தள்ளி, மேலே நிற்பதை முழுவதும் வழித்தெடுங்கள். மறுநாள் மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டு இன்னொரு தடவை. ஸ்ப்ரூஸுக்கும் மேப்பிளுக்கும் இந்த வேலை கிடையாது.

எவ்வளவு தின்னர்? எத்தனை கோட்? ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி?
– திருப்பூர் வாசகர்

ஒரு கிட்டாருக்கு ஒரு லிட்டர் லேக்கர் தாராளம். கலக்க அதே அளவு தின்னர், ஸ்ப்ரே கன் கழுவ இன்னும் அரை லிட்டர். தின்னரில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். லேக்கர் எந்த நிறுவனமோ அதே நிறுவனம் அதற்கென்று சொல்லும் தின்னரை வாங்குங்கள். விலை மலிந்த தின்னரில் நைட்ரோசெல்லுலோஸைக் கரைக்கும் சத்து குறைவு. பூச்சு சிலந்தி வலைபோல் நூல்நூலாக விழும், இல்லையென்றால் வெளுக்கும். மினரல் டர்பன்டைன் லேக்கரைக் கரைக்கவே கரைக்காது.

ஒன்றுக்கு ஒன்று கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில் உள்ள மேல்கப் கன் (லேக்கர் ஊற்றும் கப் மேலே இருப்பது), 30 முதல் 40 பி.எஸ்.ஐ. அழுத்தம், கன்னுக்கும் மரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. மணிக்கட்டை வளைத்து வீசாமல் கை முழுவதும் பக்கவாட்டில் நகரட்டும். மரத்துக்கு வெளியே விசையை அழுத்தி, மரத்தைக் கடந்த பிறகே விட வேண்டும். ஒரு பட்டையின் பாதிமேல் அடுத்த பட்டை விழ வேண்டும். விழுந்த பூச்சு ஒரு கணம் தண்ணீர் தெளித்த தரைபோல் ஒரே படலமாக மினுங்கினால் சரியான அளவு. சொரசொரவென்று இருந்தால் கன் தூரத்தில் இருக்கிறது அல்லது கலவை கெட்டி; ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாகக் காய்வது இதனால்தான். வழிந்தால் கை மெதுவாகப் போகிறது என்று அர்த்தம்.

முதலில் சாண்டிங் சீலர் (லேக்கருக்கு அடியில் கொடுக்கும் பூச்சு) ஒரு கோட் அல்லது இரண்டு, 320ஆல் பெரும்பாலும் தேய்த்து எடுத்துவிடுங்கள். தேய்க்க எளிதாக இருக்கிறதே என்று நாலைந்து கோட் ஏற்றுகிறவர்கள் உண்டு. சீலர் மென்மையான பொருள். அதன்மேல் கடினமான லேக்கர் நின்றால் பின்னால் வெடிக்கும். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மூன்று கோட், இரண்டு மணி நேர இடைவெளியில். மறுநாள் 400ஆல் மேடுகளை மட்டும் தட்டிவிட்டு மறுபடி மூன்று. மூன்று நாளில் ஒன்பது கோட் ஆகிவிடும். ஒரு கோட் காய்ந்தபின் மிஞ்சுவது சுமார் 0.015 மி.மீ.தான். ஒன்பதும் சேர்ந்து 0.13 வரும், கடைசித் தேய்ப்பில் கொஞ்சம் போய் 0.1இல் நிற்கும். கணக்கு அங்கேயே முடிகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் ஆசைக்கு அடிப்பது.

மங்கலான மேட் தோற்றம் வேண்டுமென்றாலும் எட்டு கோட் வரை பளபளப்பு (கிளாஸ்) லேக்கரே அடித்து, கடைசி ஒன்றை மட்டும் மேட்டில் அடியுங்கள். எல்லாமே மேட் என்றால் மரத்தின்மேல் பனி மூடியதுபோல் ஆகிவிடும்.

ஐப்பசி மழையில் அடித்தேன். அடித்த ஐந்தாவது நிமிடம் பால் ஊற்றினதுபோல் வெளுத்துவிட்டது. முழுவதையும் சுரண்ட வேண்டுமா?
– நாகப்பட்டினம் வாசகர்

வேண்டாம், காப்பாற்றிவிடலாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு சில டிகிரி குளிர்ந்துவிடும். 32 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 28 டிகிரிக்கு இறங்கினாலே ஈரம் துளியாகப் படியும். அந்த நீர் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு நைட்ரோசெல்லுலோஸைத் திரிய வைக்கிறது. அதுதான் அந்த வெண்மை. அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 55 சதவீதமாக இருந்தால் 22 டிகிரி வரை குளிர்ந்தாலும் ஒன்றும் ஆகாது.

காய்ந்த, வெயில் அடிக்கிற ஒரு நாள் வரட்டும். ரிடார்டர் என்று கேட்டால் பெயின்ட் கடையில் தருவார்கள். மெதுவாக ஆவியாகும் தின்னர் அது. ஐந்து பங்கு தின்னருக்கு ஒரு பங்கு ரிடார்டர் கலந்து, லேக்கர் சேர்க்காமல், மெல்லிய புகைபோல் ஒரு தடவை மட்டும் அடியுங்கள். மேல்பூச்சு இளகி, மாட்டியிருந்த ஈரம் வெளியேறி, கண்ணெதிரே தெளியும். ரிடார்டரைத் தினசரிக் கலவையிலேயே ஊற்றிவிட்டால் வெளுக்காதே என்று தோன்றும். அளவு கூடினால் பூச்சு வாரக்கணக்கில் மென்மையாகவே கிடக்கும்.

நூறு, இருநூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. அது 65க்குமேல் காட்டினால் கன்னைத் தொடாதீர்கள். கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை இந்த வேலைக்கான மாதங்களே அல்ல. தையில் தொடங்குங்கள்.

பூச்சில் மீன்கண் மாதிரி சின்னச் சின்ன வட்டக் குழிகள் வருகின்றன.
– சேலம் வாசகர்

சிலிக்கான். கார் பாலிஷ், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, சில கைக்ரீம்கள் என்று எது வழியாகவும் மரத்துக்கு வரும். அடுத்தடுத்து லேக்கர் அடித்து நிரப்ப முடியாது, ஒதுங்கிக்கொண்டே இருக்கும். காயவிட்டு, குழி மறையத் தேய்த்து, மினரல் டர்பன்டைனால் துடைத்து, துடைத்த துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட் கொடுத்து அதன்மேல் தொடருங்கள். கம்ப்ரஸருக்கு எண்ணெய், நீர் வடிகட்டி இல்லையென்றால் அதையும் இன்றே மாட்டுங்கள்.

அபார்ட்மென்டில் இருக்கிறேன். கம்ப்ரஸர் கிடையாது. ஒரு யுகுலேலேவுக்கு என்ன வழி?
– சென்னை வாசகி

பிரெஞ்ச் பாலிஷ். யுகுலேலே மாதிரி சின்ன, மெல்லிய பெட்டிக்கு இதைவிட நல்ல பூச்சு கிடையாது என்பதே எங்கள் கருத்து. பால்கனியில் லேக்கர் ஸ்ப்ரே செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுத்த அறையின் அடுப்புக்கோ பூஜை விளக்குக்கோ போய்ச் சேரும். திறந்தவெளியில் அடிப்பவர்களுக்கும் சொல்கிறோம்: துணி மாஸ்க் பயன்படாது, கரி நிரப்பிய கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டார் பொறியே போதும், தீப்பிடிக்க.

அவலரக்கு நம் நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட் பக்கத்தில் புரசு, இலந்தை மரங்களில் அரக்குப்பூச்சி கட்டுவதிலிருந்து எடுக்கிறார்கள். இதை ஆராய்வதற்கென்றே ராஞ்சியில் 1924இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 50 கிராம் அரக்கை 200 மி.லி. ஸ்பிரிட்டில் ஒருநாள் ஊறவைத்துக் கரையுங்கள். பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கரைசல் சரியாக இறுகாமல் போகலாம். சந்தேகமிருந்தால் கண்ணாடியில் ஒரு துளி விடுங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் கீழே ஊற்றிவிடுங்கள்.

எலுமிச்சை அளவு பஞ்சை, வெளுத்துத் துவைத்த பழைய வேட்டித் துணியில் மடிப்பு விழாமல் பொதிந்து கட்டுங்கள். கரைசலைப் பஞ்சுக்கு ஊட்டி, வெள்ளைத்தாளில் ஒற்றிப் பாருங்கள். ஈரத்தடம் மட்டும் விழ வேண்டும். சொட்டாக நின்றால் அதிகம். பொதியின் முகத்தில் ஒரே ஒரு துளி ஆலிவ் எண்ணெய். விமானம் தரையிறங்குவதுபோல் நகர்ந்தபடியே மரத்தைத் தொட்டு, நகர்ந்தபடியே விலக வேண்டும். சின்ன வட்டம், பிறகு எட்டு வடிவம், கடைசியில் மர ஓட்டத்தோடு நேர்க்கோடு. நடுவில் ஒரு நொடி நின்றாலும் ஸ்பிரிட் கீழே உள்ள பூச்சை இளக்கி, பொதி ஒட்டி, பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்தால் அந்த இடத்தை உடனே திருத்தப் போகாதீர்கள். மறுநாள் 600ஆல் சமன்செய்து தொடருங்கள். நாளைக்கு ஒரு அமர்வாக ஆறு முதல் எட்டு நாள், அதன்பின் பொதியில் ஸ்பிரிட் மட்டும் மிகக் கொஞ்சமாகத் தொட்டு மேலே நிற்கும் எண்ணெயை எடுப்பது, பிறகு இரண்டு வாரம் ஓய்வு.

ஒன்றை மறக்காதீர்கள். சானிடைசர் தடவிய கையோடு வாசித்தால் விரல் ரேகை அப்படியே பதியும். அதில் இருப்பதும் ஆல்கஹால்தான்.

பாட்டி வாசித்த தஞ்சாவூர் வீணை மங்கிப்போயிருக்கிறது. லேக்கர் அடித்துப் புதுசுபோல் ஆக்கலாமா?
– கும்பகோணம் வாசகி

தயவுசெய்து அடிக்காதீர்கள். மெட்டுகள் பதிந்திருக்கும் கருப்பு மெழுகைத் தின்னர் இளக்கிவிடும். ஒரு மெட்டு அரை மி.மீ. நகர்ந்தாலும் சுருதி போய்விடும். இருபத்து நான்கையும் திரும்ப உட்கார வைப்பது தேர்ந்த கைவினைஞரின் வேலை. குடத்திலும் தண்டியிலும் ஒட்டியிருக்கும் அலங்காரத் தகடு பிளாஸ்டிக் என்றால் அதுவும் சுருங்கிவிடும். இதெல்லாம் தப்பினாலும், வீணை வாசிப்பவர்கள் விரலில் தொடும் எண்ணெய் பல வருடமாகத் தண்டியில் ஊறியிருக்கும். அதன்மேல் லேக்கர் பிடிக்காது.

முதலில் இருக்கிற பூச்சு எது என்று கண்டுபிடியுங்கள். தண்டியின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அசையாமல் இருந்தால் தின்னரால் அதே சோதனை, கரைந்தால் என்.சி. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பி.யூ. அல்லது எண்ணெய் வார்னிஷ். பழைய வீணை என்பதால் அரக்காகவே இருக்கும் வாய்ப்பு அதிகம். பிழிந்த ஈரத்துணியில் ஒரு துளி சோப்பு தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பல சமயம் மங்கல் என்று நினைத்தது வெறும் அழுக்காகவே இருக்கும். பிறகும் பளபளப்பு வேண்டுமென்றால் குடத்தின் முதுகில் மட்டும் மேலே சொன்ன பொதியால் மூன்று நான்கு அமர்வு. மெழுகுக்கும் மேல்பலகைக்கும் பக்கத்தில் போகாதீர்கள்.

கடைசி கோட் அடித்துப் பத்து நாள் ஆகிறது. பாலிஷ் போடலாமா? பிரிட்ஜ் (மேல்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டை) எப்போது ஒட்டுவது?
– புதுச்சேரி வாசகர்

மூக்கைப் பூச்சின்மேல் வைத்து முகருங்கள். தின்னர் வாசம் லேசாக வந்தாலும் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று வாரம் குறைந்தபட்சம், நான்கு உத்தமம். அவசரப்பட்டுச் சமன்செய்து பளபளப்பாக்கினால், மிஞ்சிய தின்னர் போகப்போகப் பூச்சு சுருங்கி மர ரேகை மேலே தெரியும். மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.

பிறகு 800ஆல் ஈரமில்லாமல், கார்க் கட்டையில் சுற்றித் தேய்த்தால் மேடுகள் மங்கும், பள்ளங்கள் மட்டும் பளபளப்புப் புள்ளிகளாக நிற்கும். அவை மறையும் நொடியில் நிறுத்துங்கள். அடுத்து 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. விளிம்புகளில் பூச்சு எப்போதுமே மெலிந்திருக்கும், அங்கே கட்டை போகவே கூடாது. முறுக்காணித் துளைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, சுற்றிலும் பூச்சு வெடிக்கும். துளைகளைச் சுற்றி மட்டும் தண்ணீருக்குப் பதில் மினரல் டர்பன்டைன். கடைசியில் சிலிக்கான் கலக்காத ரப்பிங் காம்பவுண்டும் மென்துணியும். டிரில்லில் பஞ்சுச் சக்கரம் மாட்டினால் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்; சூடேறினால் லேக்கர் இளகிச் சுருண்டுவிடும்.

பிரிட்ஜ் அதன்பிறகே. ஸ்டீல் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். லேக்கரின்மேல் ஒட்டிய பிரிட்ஜ் அதைத் தாங்காது, லேக்கரையும் உரித்துக்கொண்டு வரும். ஸ்ப்ரே செய்வதற்கு முன்பே பிரிட்ஜின் அளவுக்கு, சுற்றிலும் ஒரு மி.மீ. உள்ளே தள்ளி டேப் ஒட்டியிருந்தால் இப்போது வேலை சுலபம். கூர்கத்தியால் டேப்பின் ஓரத்தைப் பூச்சு மட்டும் வெட்டுப்படும்படி கீறிவிட்டு, படுக்கைவசமாக உரியுங்கள். பிரிட்ஜை வைத்து அதன் ஓரத்தைக் குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் அந்த ஒரு மி.மீ. பூச்சை உளியால் சீவினால் வெறும் மரம் வரும். பசை அங்கேதான்.

புது கிட்டாரை ஸ்டாண்டில் வைத்தேன். ரப்பர் பட்ட இடம் இளகி ஒட்டுகிறது. இன்னொரு இடத்தில் கதவில் இடித்துச் சில்லு போய்விட்டது.
– திருச்சி வாசகர்

ரப்பரிலும் வினைல் பட்டையிலும் இருக்கும் மென்மையூட்டி என்.சி. பூச்சுக்குள் இறங்கிவிடும். இளகியதை அப்படியே விட்டால் இறுகாது. அந்த இடத்தை மட்டும் தேய்த்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணி சுற்றுங்கள். தோள்பட்டை வினைலாக இருந்தால், கிட்டாரோடு பெட்டிக்குள் வைத்து மூடாதீர்கள்.

சில்லுக்குத் தின்னர் சேர்க்காத லேக்கரைப் பல்குச்சி நுனியில் எடுத்து ஒரு சொட்டு. காய்ந்து அமுங்கியதும் மேலும் ஒரு சொட்டு. சுற்றியுள்ள மட்டத்துக்குமேல் கொஞ்சம் புடைத்து நிற்கும்வரை இப்படியே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று. ஒரு வாரம் விடுங்கள். சவர பிளேடின் இரண்டு முனையிலும் செலோடேப் சுற்றி, நடுவில் அரை செ.மீ. மட்டும் திறந்து வைத்து, புடைப்பின்மேல் இழுங்கள். டேப்பின் கனம் பிளேடைத் தூக்கிப் பிடிப்பதால் பக்கத்துப் பூச்சில் கீறல் விழாது. பிறகு 1500, 2000, காம்பவுண்ட்.